வாவிக்கரையில் ஓர் ஏரியல்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் அரியர். முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் விட்டு, மறு முனையிற் காதை வைத்துக் கேட்பது எம்மவர் வழக்கம். 1950-களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சார்ந்த லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தும் வைத்தார். வெறுங்காதுக்கு எட்டாத ஒலியை ஒரு கோல் கொண்டு வந்து தருகிறது. நாவற்குடாவில் என் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஏரியலும் அத்தகைய ஒரு கோலே ஆகும்.

அதனை நாட்டியதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கல்லடி, நாவலடிக் கரைகளை ஆழிப்பேரலை அழித்தபோது என் கையிலே தொலைபேசி இருந்தது; பேச்சு இல்லை. வாவிக்கு அப்பால், படுவான்கரையில் வாழும் என் தமக்கையார், எழுவான்கரையில் நான் மாண்டேன் என்றெண்ணி இரண்டு நாள் அழுதிருக்கிறார். எம்மிருவருக்கும் நடுவே கிடந்தது சிறிதளவு நீர் மட்டுமே.

அதே நாட்களில் அந்தமானின் போர்ட் பிளேயரில், வானொலி ஆர்வலர் பாரதி பிரசாத் தம் கருவியின் துணையால் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குக் குறுகிய அலையில் தொடர்பு ஏற்படுத்தினர் இலங்கை வானொலிச் சங்கத்தினர். கோபுரமும் வேண்டாம், மின்சார சபையின் மின்சாரமும் வேண்டாம். ஒரு கார் பற்றறியும் ஓர் ஏரியலும் போதும் என்பதைப் பின்னரே அறிந்தேன். அறிந்தபின் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. பேசுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குரிய பரீட்சையை எழுதித் தேறினேன். எஞ்சியது ஏரியல்.

ஏரியலின் இரகசியம் நீளத்தில் இருக்கிறது. இது எம்மூரார்க்குப் புதிதன்று. கல்லடி உப்போடையில் துயிலும் சுவாமி விபுலாநந்தர், 1947-இல் அரங்கேறிய யாழ் நூலில் இக்கணக்கையே ஆராய்ந்தார். நரம்பைப் பாதியாக்கின் மேல் சட்சம் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கின் பஞ்சமம் பிறக்கும். வானொலி அலைக்கும் அவ்வாறே ஓர் அளவு உண்டு. 300-ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் வரும். நான் பேச விரும்பியது 145 மெகாஹேர்ட்ஸ், அலைநீளம் 2.07 மீற்றர்; அதன் காற்பங்கு ஏறக்குறைய 52 சென்ரிமீற்றர். உலோகத்தில் அலை சற்றுக் குறுகுவதால் நூற்றுக்கு ஐந்து கழித்தால் 49 வருகிறது.

இனி வேலையைக் கூறுவேன். வீட்டுத் தொலைக்காட்சிக்கு இழுப்பது போன்ற ஓரச்சு வயரை எடுத்துக்கொள்க. அதன் நடுவே ஒரு செப்புக் கம்பி. அதைச் சூழ்ந்து வெண்ணிறக் காப்பு. அதன்மேல் பின்னிய செப்புவலை. எல்லாவற்றுக்கும் வெளியே கருந்தோல். நுனியிலிருந்து கருந்தோலை மட்டும் 49 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாகச் சீவி நீக்குக. பின், சட்டைக்கையை மடித்து விடுவது போல, செப்புவலையை அறுக்காமற் கீழ்நோக்கி மடித்து, எஞ்சிய தோலின்மேல் இழுத்து விடுக. நடுக்கம்பி மேற்பாதி, மடித்த வலை கீழ்ப்பாதி. வயர் கீழ்ப்பாதியின் உள்ளே மறைந்து இறங்கி வருவதால் பக்கத்திற் கம்பி எதுவும் நீட்ட வேண்டுவதில்லை. வாடைக்காற்றுக்கும் பிடி குறைவு. வலைக்குக் கீழே வயரை நான்கைந்து சுற்றாகச் சுருட்டிக் கட்டினால், மின்னோட்டம் வயரின் வெளிப்புறமாக வழிந்தோடுவது குறையும். யாவற்றையும் ஒரு பீ.வீ.சீ. குழாயுள் இறக்கி நிமிர்த்தி நாட்டினால், அது நாற்றிசைக்கும் ஒப்பப் பேசும்.

மாணவர் இருவர் எனக்குத் துணை நின்றனர். குழாயும் காப்பும் அளவை மாற்றியமையால், ஏரியல் முதலில் 145-க்குக் கீழேயே இசைந்தது. அரை அரைச் சென்ரிமீற்றராக நறுக்குங்கள் என்றேன். இளமையின் அவசரம்! ஒரே வெட்டில் மூன்று சென்ரிமீற்றர் போயிற்று. மிகுந்ததைக் குறைக்கலாம், குறைந்ததை நீட்டுவது எளிதன்று. மறுநாள் புது வயரோடு மீண்டும் தொடங்கினோம்.

அடுத்த தவறு என்னுடையது. செப்புவலை திரியைப் போல நீரை உறிஞ்சும் என்பதை மறந்து, குழாயின் தலையைச் சரிவர மூடாது விட்டேன். ஒரு மாரி கழிந்து திறந்து பார்த்தபோது செம்பு முழுதும் பச்சை பூத்திருந்தது. இப்பொழுது தலையை இறுக அடைத்து, வேர்க்கும் நீர் வடிய அடியில் ஒரு துளை விட்டிருக்கிறேன். இடி மின்னல் வேளைகளில் வயரைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டு விடுவதும் மறக்கலாகாத விதி.

உயரமும் ஒரு கணக்கே. இரு கரையிலும் பத்துப் பத்து மீற்றர் உயரத்தில் ஏரியல் நின்றால், சமதரையில் ஏறக்குறைய 26 கிலோமீற்றர் வரை அலை நேராகச் செல்லும். 56 கிலோமீற்றர் நீண்ட எம் வாவியில் அது ஏறத்தாழப் பாதி.

அனுமதி பெற்ற நண்பர் ஒருவரைக் கைக்கருவியோடு தமக்கையார் வீட்டு முற்றத்துக்கு அனுப்பினேன். முதலில் என் கருவியோடு வந்த குட்டை றப்பர் ஏரியலாற் பேசினேன். அவருக்கு இரைச்சலே கேட்டது. வயரை மாற்றிப் புது ஏரியலில் அழைத்தேன். சிறிது நேரம் மறுமொழி இல்லை. பின்பு நண்பரின் குரல் தெளிவாக வந்தது:

“மாஸ்டர், நல்லாக் கேக்குது. அக்கா பக்கத்தில நிக்கிறா. அண்டைக்கு இது இருந்திருந்தா ரெண்டு நாள் அழுதிருக்க மாட்டன் எண்டு சொல்லச் சொன்னா.”

நான் உடனே மறுமொழி கூற இயலாதிருந்தேன். அருகிருந்த மாணவன் ஒலிவாங்கியை என்பால் நீட்டி, “சேர், பேசுங்க” என்றான்.