காற்றுத் துப்பாக்கியும் குண்டின் விரைவும்

விரைந்து செல்லும் குண்டே குறி தவறாது செல்லும் என்பது பலருடைய எண்ணம். காற்றுத் துப்பாக்கி செய்து விற்போரும் இவ்வெண்ணத்தை வளர்த்தே வருகின்றனர். விநாடிக்கு இத்தனை அடி என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றனர். அவ்வெண் பெரும்பாலும் மிக இலேசான குண்டைச் சுட்டுப் பெற்றது என்பதை மட்டும் அச்சிடுவதில்லை. 'ஸ்லக்' எனப்படும் கெட்டிக் குண்டைப் பொறுத்தவரை மிகுந்த விரைவு வேறு, சிறந்த விரைவு வேறு. அஃது ஏன் என்பதை இங்கு ஆராய்வோம். விசை, இயக்கம் ஆகிய பாடங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகவும் பயன்படும்.

காற்றுத் துப்பாக்கிக் குண்டுகள் இரு வகை. பழைய வகை இடை சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்து, உள்ளே குடைவாக இருக்கும். இதனைப் 'பெல்லட்' என்பர். கனம் தலையில் இருக்கிறது. காற்றின் தடை வாலில் விழுகிறது. பூப்பந்தாட்டத்தில் இறகுப் பந்தை எப்படி அடித்தாலும் அதன் தக்கை முன்னே திரும்பிக்கொள்வதைக் காண்கிறோமல்லவா? பெல்லட் தலையை முன்வைத்துச் செல்வதும் அம்முறையிலேயே. 1984 ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் நடைபெறும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் சுடுவது இவ்வகைக் குண்டே. 2012 இல் லண்டனில் மலேசியாவின் நூர் சுரியானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டது இப்போட்டியில்தான். குண்டு விநாடிக்கு 170 மீட்டர் அளவிலேயே செல்கிறது. குறியின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. விரைவே துல்லியம் என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

ஆயினும் தொலைவு கூடினால் பெல்லட் தளர்ந்துவிடுகிறது. பாவாடை காற்றைப் பிடித்துக்கொள்வதால் விரைவு குன்றுகிறது. பக்கக் காற்றும் அதனை எளிதில் ஒதுக்கிவிடும். இக்குறையை நீக்கவே ஸ்லக் வந்தது. அஃது உருளை வடிவில், முனை மட்டும் கூம்பியது. காற்றை எளிதாகக் கிழித்துச் செல்லும். ஆனால் அதன் கனம் பின்னே இருக்க, காற்றின் தள்ளுதல் முன்னே விழுகிறது. விட்டால் அது குட்டிக்கரணம் அடிக்கவே முயலும். சுற்றாத பம்பரம் ஆணியின் மேல் நிற்குமா? ஸ்லக்கும் சுழன்றாலன்றி நேரே செல்லாது. குழலின் உட்புறம் வெட்டப்பட்ட புரிப் பள்ளங்களே அதற்குச் சுழற்சியைத் தருகின்றன. 406 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்று புரி அமைந்த குழலிலிருந்து விநாடிக்கு 280 மீட்டர் விரைவில் வெளிப்படும் குண்டு, விநாடிக்கு ஏறத்தாழ 690 முறை சுழல்கிறது!

எவ்வளவு புரி வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தில் கிரீன்ஹில் என்னும் கணித அறிஞர் 1879 இல் ஓர் எளிய வாய்பாடு கண்டார். குண்டின் குறுக்களவை அதனாலேயே பெருக்கி, மேலும் 150 ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். ஈயக் குண்டு 5.5 மில்லிமீட்டர் குறுக்களவும் 8 மில்லிமீட்டர் நீளமும் உடையதாயின், விடை 567 மில்லிமீட்டர். அந்நீளத்துக்குள் ஒரு சுற்று இருந்தால் போதும். இவ்வாய்பாட்டில் விரைவு என்பதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விரைவு கூடினால் சுழற்சியும் கூடுகிறது. குண்டைக் கவிழ்க்கும் காற்றின் விசையும் அதற்கு ஈடாகக் கூடிவிடுகிறது. ஆகவே, நிலையாகச் செல்வதற்காக விரைவைக் கூட்டுகிறோம் என்பது பொருந்தாத வாதம்.

அப்படியானால் புரியை மிக நெருக்கமாக வெட்டிவிடலாமே எனில், அதிலும் தொல்லை உண்டு. வார்ப்பிலுள்ள குறையால் குண்டின் கனமையம் நடு அச்சிலிருந்து 0.02 மில்லிமீட்டர், அதாவது தலைமயிரின் கனத்தினும் குறைவாக, விலகியிருப்பதாகக் கொள்வோம். மேற்கூறிய குழலில் அவ்வளவே 50 மீட்டரில் ஒன்றரைச் சென்டிமீட்டர் விலக்கத்தைத் தந்துவிடும். புரியை இருமடங்கு நெருக்கினால் விலக்கமும் இருமடங்காகும்.

இனி விரைவுக்கு வருவோம். 30 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் செல்கிறது. குண்டின் விரைவு ஒலியின் விரைவை நெருங்கும்போது காற்றின் தடை திடீரென ஏறுகிறது. கவிழ்க்கும் விசையும் மாறுபடுகிறது. இதனை முதன்முதல் அளந்து கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். கனத்த மரக்கட்டையை ஊசல்போல் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டு, கட்டை ஆடும் அளவிலிருந்து குண்டின் விரைவைக் கணக்கிட்டார். 2 கிராம் குண்டு விநாடிக்கு 280 மீட்டர் விரைவில் 1 கிலோகிராம் கட்டையில் தைத்தால், கட்டை 1.6 சென்டிமீட்டர் உயரும். மாணவர் தாளிலேயே செய்து பார்க்கக்கூடிய கணக்கு. அவருடைய நூல் 1742 இல் வெளிவந்தது; 1745 இல் ஆய்லரே அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கம் எழுதினார். ராபின்ஸ் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்யத் தமிழகம் வந்து, கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் 1751 இல் காலமானார். நம்மவர் பலர் அறியாத செய்தி இது.

தடை ஏறினால் துல்லியத்துக்கு என்ன கேடு? பக்கக் காற்று குண்டை ஒதுக்கும் அளவு, அது பறக்கும் முழு நேரத்தைப் பொறுத்ததன்று. தடையால் அதற்கு நேர்ந்த தாமதத்தைப் பொறுத்தது. ஒலியை மிஞ்சிப் புறப்படும் குண்டு விரைவை மிகுதியாக இழப்பதால் தாமதமும் மிகுதி. .22 வெடிமருந்துத் துப்பாக்கியில் குறிபார்த்துச் சுடுவோர், ஒலியினும் சற்றே குறைந்த விரைவுள்ள தோட்டாக்களைக் கொள்வதும் இதனாலேயே. மறுபுறம் விரைவு மிகக் குறைந்தால் குண்டு அதிகம் தாழ்கிறது. தொலைவைச் சற்றே தவறாக மதித்தாலும் குறி தப்பும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் ஒலியின் விரைவில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கும் அதற்குச் சற்றுக் கீழும் ஆகும். ஸ்லக் சுடுவோர் பலரும் விநாடிக்கு 270 முதல் 300 மீட்டருக்குள் நிற்பது இதற்கு ஒத்திருக்கிறது. இங்கிலாந்தில் உரிமமின்றி வைத்துக்கொள்ளும் காற்றுத் துப்பாக்கிக்குச் சட்டம் விதித்த ஆற்றல் எல்லையில், 2 கிராம் குண்டு 127 மீட்டருக்கு மேல் செல்லாது. அங்கு அத்தகையோர் பெல்லட்டையே விரும்புவதில் வியப்பில்லை.

மலேசியாவில் 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கொள்கிறது. ஆதலால் உரிமமில்லாத அன்பர்கள் எவரும் சோதனையில் இறங்க வேண்டா; தாளும் பென்சிலும் போதும்!

உரிமமுடையோர் செய்யும் முறை இது: காற்றழுத்தத்தையோ சுத்தியல் வில்லின் இறுக்கத்தையோ சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் விரைவை மின்கருவியால் அளந்து, 50 மீட்டரில் பத்துப் பத்துக் குண்டுகளாகத் தாளில் சுடுகின்றனர். மூன்று குண்டு ஒரே துளையில் விழுந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். பத்து விழுந்தால் நம்பலாம். அளவிட வேண்டியது சராசரி விரைவு மட்டுமன்று. ஒரு குண்டு 280, மற்றொன்று 270 எனப் புறப்பட்டால், காற்றுத் தடையை நீக்கிக் கணக்கிட்டாலும் 50 மீட்டரில் 1.2 சென்டிமீட்டர் மேல்கீழாக விழும். வேறுபாடு 3 மீட்டருக்குள் அடங்கினால் அது மூன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கும். 280 இல் குண்டுகள் நெருங்கி விழுந்து, 275 இலும் 285 இலும் சிதறினால் அந்த 280 ஐ நம்பலாகாது. மூன்றிலும் ஏறத்தாழ ஒரே நெருக்கம் காணும் இடத்தையே தேர்கின்றனர், அது சற்றுப் பெரிதாயினும். வெப்பநிலையும் கணக்கில் சேரும். விநாடிக்கு 290 மீட்டர் என்பது நம் நாட்டு வெயிலில் ஒலியின் விரைவில் 83 விழுக்காடு. 0 பாகைக் குளிரில் 88 விழுக்காடு. குளிர்நாட்டார் கோடையிற் கண்ட எண்ணை மாரிக்காலத்தில் மீண்டும் தாளில் சுட்டுப் பார்த்தே கொள்கின்றனர்.