காய்கனிக்கு ஒரு மெல்லாடை

எலுமிச்சை ஊறுகாய் போடுகின்ற இல்லத்தரசி, காய் புளிப்பில் நன்கு ஊறிய பின்னர், மேலே நல்லெண்ணெய் மிதக்கும்படி ஊற்றிச் சாடியின் வாயைக் கட்டிவைக்கிறாள். புளிப்பு நுண்ணுயிர்களை அடக்குகிறது. எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. இவ்விரண்டையுமே உணவு விஞ்ஞானிகள் வேறொரு பணிக்கும் அமர்த்தியுள்ளனர். காய்கனியின்மேல் பூசப்பட்டு, அதனோடு சேர்த்தே உண்ணப்படும் மென்படலத்தை ஆக்குவதே அப்பணி.

ஊவா மாகாணத்துக்கு இதனால் ஆவதென்ன? வெலிமடை, ஊவா பரணகமை, பண்டாரவளைப் பகுதிகளில் விளையும் தக்காளியும் கறிமிளகாயும் நெடுந்தூரம் சென்றே சந்தையை அடைகின்றன. பதுளையிலிருந்து கொழும்பு, இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தொலைவு. இலங்கையில் அறுவடையாகும் காய்கனிகளில் 30 முதல் 40 விழுக்காடு உண்பவர் கையை எட்டுமுன்னரே வீணாவதாக மதிப்பிடப்படுகிறது. தோட்டத்தில் கொழுந்து பறித்து, எஞ்சிய பொழுதில் ஒரு துண்டு நிலத்தில் காய்கறி பயிரிடும் குடும்பத்துக்கு, வழியில் அழுகும் ஒவ்வொரு கூடையும் கூலியின் இழப்பாகும்.

படலத்துக்கு ஏற்ற பொருள்களுள் ஒன்று ஜெலற்றின். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜின் என்னும் புரதத்திலிருந்து இது பெறப்படுகிறது. இறைச்சிக்கு ஜெலற்றின் பூசும் முறைக்கு அமெரிக்காவில் 1869ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. வெந்நீரில் ஜெலற்றினைக் கரைத்து, சிறிது கிளிசரின் சேர்த்துப் பரப்பி உலர்த்தினால், கண்ணாடி போன்ற படலம் கிடைக்கும். கிளிசரின் இன்றேல் அது நொறுங்கிவிடும். இப்படலம் ஒட்சிசனை நன்கு தடுக்கும். ஆயினும், தானே நீரை ஈர்க்கும் இயல்புடையதாதலின், நீராவியை எளிதில் வெளியே விட்டுவிடும். காயோ நீரை இழப்பதனாலேயே வாடுகிறது.

இக்குறையைத் தீர்க்க எண்ணெய் சேர்க்கப்படுகிறது. நீரை வெறுக்கும் எண்ணெய்த் துளிகள் படலத்தினுள் பரவி நின்று நீராவியின் வழியை மறிக்கின்றன. இலங்கைக் கறுவா இலை எண்ணெயில் மிகுதியாக உள்ள யூஜினோல், பூஞ்சணத்தையும் ஒடுக்க வல்லது. ஆனால், துளிகள் பெருகப் பெருக, புரத இழைகளின் தொடர்ச்சி அறுபடும். படலம் மங்கி வலுவிழக்கும். மணமும் கனியின் சுவையை மறைத்துவிடும்.

அமிலத்தின் வேலை இதனினும் நுட்பமானது. ஜெலற்றின் இழைகள் மின்னேற்றம் உடையவை. ஒரு குறிப்பிட்ட அமில அளவில் நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாகி, ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இதனைச் சமமின் புள்ளி என்பர். சுண்ணாம்பு முதலிய காரத்தில் ஊறவைத்துப் பெற்ற ஜெலற்றினுக்கு இது அமில அளவுகோலில் ஏறத்தாழ 5. அமில முறையில் பெற்றதற்கு 7 முதல் 9 வரை. இப்புள்ளியை அணுகும்போது இழைகள் தம்முள் விலக்கும் ஆற்றலை இழந்து திரள்கின்றன. எண்ணெய்த் துளிகளைப் போர்த்தி, அவற்றைப் பிரித்துவைத்திருப்பதும் அதே ஜெலற்றினாதலின், துளிகளும் ஒன்றுகூடிப் படலம் சீரற்றுப்போகிறது. புள்ளியிலிருந்து விலகினால் கலவை நன்கு பரவும். ஆனால், அமிலம் மிகுந்த கரைசலை நெடுநேரம் சூடாக்கினால் இழைகளே துண்டுபடும். ஆகவே, எண்ணெயின் அளவைத் தனியாகவும் அமிலத்தின் அளவைத் தனியாகவும் வகுத்தல் இயலாது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் நோக்கவேண்டும்.

இன்னொரு வினாவும் உண்டு. மாட்டுத் தோலிலும் பன்றித் தோலிலும் பெற்ற ஜெலற்றினை மலையகத்து இந்துக்களும் முஸ்லிம்களும் பலர் ஏற்கமாட்டார்கள். மீன்தோல் ஒரு மாற்றுவழி. குளிர்கடல் மீனின் ஜெலற்றின் சாதாரண வெப்பத்தில் உறைவதில்லை. வெப்பநாட்டு நன்னீர் மீனாகிய திலாப்பியாவினது இதனினும் நன்கு உறையும். ஆயினும் மரக்கறி உண்போருக்கு மீனும் ஆகாது. எனவே, பூச்சு எதனாலானது என்பதை வாங்குவோருக்கு வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும்.

படலம் நசுங்கிய தக்காளியை மீட்காது. சாக்கில் அடைத்த காய்க்குப் பெட்டியின் பாதுகாப்பையும் தராது. மிகத் தடிப்பாகப் பூசினால், பறித்த பின்னும் சுவாசிக்கும் கனி மூச்சடைத்துப் புளித்துப்போகும். கவனமாகப் பறித்து, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கிய காய்க்கே இம்மெல்லாடை சில நாள் ஆயுளைக் கூட்டித்தரும். தொலைவிலுள்ள சந்தையை நம்பி வாழும் உழவருக்கு அச்சில நாளே பெரும் பயனாகும்.