இரத்தப் பரிசோதனைச் சீட்டும் ஆட்டிசக் குழந்தையும்

காகிதக் கட்டோடு வருகிறவர்கள்

மூன்று வயது கடந்தும் பேச்சு வராத, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத குழந்தையை அழைத்து வருகிற பெற்றோர் சிலர், இரத்தப் பரிசோதனைச் சீட்டுக்களின் கட்டொன்றை முதலில் என் மேசைமேல் வைக்கிறார்கள். அழற்சியைக் காட்டும் குறியீடுகளான சி.ஆர்.பி. மிகை, இன்டர்லூகின்-6 மிகை என்று கோடிட்ட அக்காகிதங்களைச் சேகரிப்பதிலேயே, பேச்சுப் பயிற்சிக்குரிய அருமையான மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

எண் சொல்லாதது

ஆட்டிசமுள்ள குழந்தைகளைப் பிற குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் அழற்சிக் குறியீடுகள் சிலவற்றின் சராசரி உயர்ந்து காணப்பட்டது உண்மையே. ஆயினும் இரு சாராரின் அளவுகளும் பெரிதும் கலந்து கிடப்பதால், தனியொரு குழந்தையின் எண்ணைக் கொண்டு ஆட்டிசம் உண்டென்றோ இல்லையென்றோ நிர்ணயிக்க இயலாது. சென்ற வாரத்து ஜுரமும் உடற்பருமனும் சி.ஆர்.பி.யை உயர்த்தும், இரத்தசோகை ஒன்றே மற்றோர் அழற்சிக் குறியீடான இ.எஸ்.ஆரை உயர்த்தப் போதும்.

தடுப்பூசியால் மூண்ட அழற்சியே ஆட்டிசத்துக்குக் காரணம் என்னும் பிரமை இன்னும் ஒழியவில்லை. 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்து இந்தத் தடுப்பூசி அச்சத்தை விதைத்த கட்டுரையை, அவ்விதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இவற்றினும் கொடியது, அழற்சியைத் தணித்தால் பேச்சு வந்துவிடும் என்று நம்பி, மருத்துவரைக் கேளாமலே ஸ்டீராய்டு புகட்டுவது; வளர்ச்சியைக் குன்றச்செய்து, நோயெதிர்ப்பையும் தளர்த்தும் மருந்தை மிட்டாய்போல் வாங்கிக் கொடுக்க எப்படித்தான் மனம் துணிகிறதோ! இத்தகைய துணிச்சல் உயிரையும் பறித்ததுண்டு: உடலிலுள்ள உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லி மருந்து ஏற்றப்பட்ட ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன் ஒருவன், 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இரத்தத்துக் கால்சியம் வீழ்ந்து உயிரிழந்தான்.

எண் உதவும் இடம்

வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை திடீரெனத் தலையை மோதிக்கொண்டாலோ, உறக்கம் இழந்தாலோ, அதை ஆட்டிசத்தின் மேல் ஏற்றிவிடாமல் காது, பல், மலச்சிக்கல் ஆகியவற்றை ஆராய வேண்டும்; அப்போது தொற்று உண்டா என்று அறிய சி.ஆர்.பி. மெய்யாகவே பயன்படும்.

பரிசோதனை

ஆட்டிசத்தை நிர்ணயிப்பது குழந்தையின் நடத்தையைக் கூர்ந்து கவனித்தே; செவித்திறன் சோதனையும் அவசியம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

ஒன்றரை வயதில் சுட்டிக்காட்டாத, கண்ணோடு கண் நோக்காத குழந்தையை, பாட்டனாரும் தாமதமாகவே பேசினார் என்னும் சமாதானத்தில் வைத்திராமல், அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு உடனே அழைத்து வாருங்கள். சீட்டு எதுவும் வேண்டாம், குழந்தையை மட்டும் கொண்டு வாருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.