அப்பாவின் நெகட்டிவ்கள் யாருடைய சொத்து?

கெல்லர் கதவைத் திறந்ததும் வினாகிரி மணத்தது. ஜேர்மனியில் நாம் குடியிருக்கும் தொடர்மாடியின் அந்த நிலவறையில், பழைய சைக்கிளுக்குப் பின்னால், அப்பாவின் ஆறு பிஸ்கற் ரின்கள் ஐந்து வருடமாகக் கிடந்தன. யாழ்ப்பாணத்தில் அவர் நடத்திய ஸ்ரூடியோவின் நெகட்டிவ்கள் அவை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, உடுப்பை விட்டுவிட்டு இவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அவர் இறந்தபின் நான் இங்கு கொண்டுவந்தேன். செல்லுக்கும் மழைக்கும் தப்பியவற்றை நான் அழியவிட்டிருந்தேன்.

மணத்துக்குக் காரணம் இதுதான். அக்காலக் கறுப்பு-வெள்ளை பிலிம்களின் அடித்தகடு பெரும்பாலும் செலுலோஸ் அசற்றேற்றினால் ஆனது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது சிதைந்து அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். வினாகிரியில் இருப்பதும் அதே அமிலம்தான். வெளிவந்த அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பக்கத்து பிலிம்களையும் பாதிக்கும். மூடிய ரின் இதற்கு வாய்ப்பாக அமைந்துவிடுகிறது. தகடு சுருங்க, படம் பதிந்த படலம் மடிப்பு விழுந்து கழன்றுவிடும். சிதைவைத் தாமதப்படுத்தலாம், திருப்ப முடியாது. மணப்பவற்றைப் பிரித்தெடுத்து, அமிலமற்ற கடதாசி உறைகளில் இட்டு, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பீ.வி.சி. உறைகள் ஆகாது. மோசமானவற்றைக் காற்றுப்புகாத இரட்டைப் பைகளில் இட்டு பிறீசரில் வைக்கலாம். வெளியே எடுத்தால் அறைவெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் ஈரம் படியும்.

எனது இரண்டாவது பிழை இன்னும் பெரியது. கலியாணம், பாடசாலை, பாஸ்போட் என்று எல்லாவற்றையும் வகைபிரித்து அடுக்கினேன். அப்பாவின் ஒழுங்கு வேறு. ஒவ்வொரு உறையிலும் ஒரு இலக்கம். அவரது பதிவுக் கொப்பியில் அந்த இலக்கத்துக்கு நேரே பெயரும் திகதியும். உறையிலிருந்து பிரிந்த நெகட்டிவ் பெயரிழந்த முகமாகிவிடுகிறது. எனவே, கிடைத்த ஒழுங்கைக் குலைக்காமல் முதலில் அதை எழுதி வைப்பதே எந்தச் சேகரிப்பிலும் முதல் வேலை.

அதன்பின்தான் ஸ்கான். 35 மி.மீ. நெகட்டிவுக்கு அங்குலத்துக்கு 3000 முதல் 4000 புள்ளிகள் போதும். மூலக்கோப்பை ரிஃப் வடிவில் வைத்து, மற்றவர்களுக்கு ஜேபெக் கொடுக்கலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறொரு வீட்டில். ஸ்கான் செய்தாயிற்று என்று மூலத்தை எறியவே கூடாது.

'அப்பாவின் சேகரிப்பு' என்று நான் சொல்வதும் முழு உண்மையல்ல. கூரிய பென்சிலால் நெகட்டிவிலேயே முகத் தழும்புகளை மறைத்தவர் அம்மா. ஈரத்துணியால் துடைத்தால் அந்த வேலை போய்விடும். ஸ்ரூடியோவின் பெயர்ப்பலகையில் அம்மாவின் பெயர் இருக்கவில்லை. இன்று கொப்பியில் இல்லாத முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவரும் அவர் ஒருவரே. அவர் சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்கிறேன். போன மாதம் சொன்ன பெயரை இந்த மாதம் மறந்துவிடுகிறார்.

இது குடும்ப விடயம் மட்டும்தானா? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அங்கே தாய்மார் ஏந்தியிருந்தவற்றுள் பல, அடையாள அட்டைக்கு எடுத்ததைப் போன்ற சிறிய முகப்படங்களைப் பெருப்பித்தவை. ஒருநாள் ஊரிலிருந்து ஒரு அக்கா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, 1988இல உங்கட அப்பாதான் இவனுக்கு ஐ.சி.க்குப் படம் எடுத்தவர். எங்களிட்ட ஒண்டும் மிஞ்சேல்லை. கிடக்குமோ?" அவரது சகோதரன் 1990இல் காணாமல் போனவன். கொப்பியில் இலக்கம் உடனே கிடைத்தது. நான் குலைத்த அடுக்கில் நெகட்டிவைத் தேட மூன்று மாதம் எடுத்தது. முகத்தின் ஒரு பக்கத்தில் படலம் மடிந்திருந்தது. அதையே அனுப்பினேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எம்மில் பலர் வேறு பெயரில், வேறு பிறந்த திகதியில் அகதியானவர்கள். அப்பாவின் கொப்பி அவர்களது விண்ணப்பங்களோடு முரண்படும். இயக்கங்களுக்குப் போனவர்களின் முகங்களும் இதில் உண்டு. கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, தெருக் காட்சிகளை 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' போன்ற எண்ணிம ஆவணகங்களுக்குக் கொடுக்கலாம். தனிமுகங்களை உரியவருக்கோ குடும்பத்துக்கோ மட்டும் கொடுக்க வேண்டும். கொப்பி பூட்டியே இருக்க வேண்டும். எனக்குப் பின் யார் பொறுப்பு என்பதைச் சகோதரர்களோடு பேசி எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தப் பூட்டும் ஒருவகை அதிகாரம்தான், அந்தச் சாவி ஏன் என் கையில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டால் அது நியாயமான கேள்வி. மாற்றுக் கருத்துள்ளோர் எழுதட்டும். 1981இல் எரிக்கப்பட்ட யாழ் நூலகத்தைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். நாமே அழியவிடுபவை பற்றியும் பேச வேண்டும். எழுத உட்காருமுன் உங்கள் கெல்லருக்கு ஒருமுறை போய், ரின்னைத் திறந்து மணந்து பாருங்கள்.