பட்டியல் இருக்கிறது, எழுத்து இல்லை

தமிழ்நாட்டின் சிறப்புத் தீவிர திருத்தத்தில் வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் விண்ணப்பிக்க முதலில் அறிவிக்கப்பட்ட கடைசி நாள் 2026 ஜனவரி 18. செஞ்சி வட்டாரத்து வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் படிவம் 6-ஆ, 8-ஆ என்றே கேட்டன. சிங்கவரத்திலிருந்து பார்வையற்ற வாசகர் ஒருவர் கேட்டிருப்பது வேறு: "எங்கள் பாகத்தின் பட்டியலை டவுன்லோடு செய்தேன். போன் ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை. ஃபைல் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. தேர்தல் ஆணையம் தெரிந்தேதான் அப்படி வெளியிடுகிறது.

ஸ்கிரீன் ரீடர் கோப்புக்குள் இருக்கும் எழுத்துகளைத்தான் குரலாக்கும். ஆணையத்தின் பிடிஎஃப்-இல் எழுத்துகளே இல்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். 2018 ஜனவரியில் ஆணையம் வரைவுப் பட்டியல்களைப் பட வடிவில் மட்டுமே வெளியிட உத்தரவிட்டது. வாக்காளர்களின் விவரங்களை யாரும் மொத்தமாக அள்ளிச் சென்றுவிடக் கூடாது என்பது காரணம். தேடக்கூடிய வடிவில் வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான கமல்நாத் தொடுத்த வழக்கை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது: வேண்டுமானால் மனுதாரரே அதைத் தேடக்கூடிய வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம்.

அந்தரங்கப் பாதுகாப்பு என்று ஆணையம் சொல்வது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். ஆளும் கணினியும் வைத்திருக்கும் கட்சியோ நிறுவனமோ ஆயிரக்கணக்கான பக்கங்களை ஓசிஆர் மென்பொருளில் ஓட்டி எழுத்தாக்கிவிடும். பிழைகளைத் திருத்தவும் ஆள் போடும். கையில் ஒரு போன் மட்டும் உள்ள பார்வையற்றவரும் ஓசிஆரில் ஓட்டலாம்தான். ஆனால் பட்டியலின் ஒரு பக்கத்தில் மூன்று பத்திகளாக முப்பது கட்டங்கள் இருக்கின்றன. மென்பொருள் கட்டம் கட்டமாகப் போகாமல் குறுக்கே வரி வரியாகப் படித்தால், முதலில் மூன்று பேரின் பெயர் வரும். பிறகு மூன்று தந்தை பெயர், மூன்று வீட்டு எண், மூன்று வயது. எந்தத் தந்தை யாருக்கு என்று கேட்பவர் மனதில் கோத்துக்கொள்ள வேண்டும். இடையில் தமிழ்ப் பெயர் ஒன்றைத் தவறாகப் படித்தால், இருக்கும் பெயரும் இல்லாததாகிவிடும். மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கிய வரைவில், இந்தச் சந்தேகம் சிறியதல்ல. அள்ளிச் செல்ல வசதியுள்ளவர்களை இந்தப் பூட்டு தடுக்கவில்லை. தன் வீட்டார் நாலு பேரின் பெயரைத் தானே சரிபார்க்க நினைப்பவரைத்தான் தடுக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 11-வது பிரிவு, வாக்குச்சாவடிகளோடு தேர்தல் தொடர்பான எல்லா ஆவணங்களும் மாற்றுத்திறனாளிகள் எளிதில் புரிந்துகொள்ளவும் அணுகவும் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று ஆணையத்தையே பெயர் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. அதிகாரிகள் அணுகல் வசதி என்றதும் சாவடியின் சாய்தளத்தைக் காட்டுகிறார்கள். சாய்தளம் வேண்டியதுதான். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால்தானே அதில் ஏற முடியும்? இணைய வழி அணுகலும் அரசியலமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பீகார் வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களை, வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு தேடும்படி, காரணத்துடன் வெளியிடச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். ஆகவே, முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

என் பெயரை மட்டும் பார்க்க? ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். விடை எழுத்தாக வரும்.

முந்தைய தீவிர திருத்தத்தின் 2002 பட்டியலில் செஞ்சித் தொகுதியில் பெயர் கிடைக்கவில்லையே? 2008 மறுவரையறையில் மறைந்த மேல்மலையனூர் தொகுதியிலும் தேடுங்கள்.

பெயர் விடுபட்டிருந்தால்? படிவம் 6, உறுதிமொழியுடன்.

மாற்றுத்திறனாளி என்று பதிவுசெய்ய? படிவம் 8.

வீட்டிலிருந்தே வாக்களிக்க? 40 சதவீத ஊனமோ 85 வயதோ இருந்தால், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் 12டி.

பட்டியலைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை என்றால்? வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் அச்சுப் பிரதி இருக்கும். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் 1950 என்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.