வேட்டாவின் காது எங்கே?

நியூசிலாந்தில் இறக்கையே இல்லாத ஒரு பூச்சி உண்டு. பெயர் வேட்டா. அங்குள்ள ஹவுதுரு தீவின் ராட்சத வேட்டாக்களில், வயிறு நிறைய முட்டை சுமந்த ஒரு பெண் பூச்சியை நிறுத்துப் பார்த்தார்கள். 71 கிராம்! இரண்டு சிட்டுக்குருவிகளின் எடையைவிட அதிகம் அது. மற்றவை பெரும்பாலும் அதில் பாதிதான் இருக்கும். ஒரு பூச்சிக்கு அதுவே அதிகம்.

நாம் பார்க்கும் வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி எல்லாம் எந்த வரிசையைச் சேர்ந்தவையோ, வேட்டாவும் அதே வரிசைதான். ஆனால் வேட்டா ஒன்றல்ல. ராட்சத வேட்டா, மர வேட்டா, தரை வேட்டா, தந்த வேட்டா, குகை வேட்டா எனப் பல உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நான்கும் ஒரு குடும்பம். குகை வேட்டா வேறு குடும்பம். முதல் குடும்பத்தின் உறவுக்காரப் பூச்சிகள் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட இருக்கின்றன.

எது எந்தக் குடும்பம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? காலைப் பார்த்துத்தான்! ராட்சத வேட்டா, மர வேட்டா இரண்டுக்கும் முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, நீள்வட்டமாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதுதான் காது. மர வேட்டா பின்காலை வயிற்றில் உரசிக் கரகரவென்று ஒலி எழுப்பும். மற்ற மர வேட்டாக்கள் அதை முன்காலால் கேட்கும். குகை வேட்டாவின் காலில் காது கிடையாது. விஞ்ஞானிகள் காதோடு நிறுத்துவதில்லை, பாதத்தையும் திருப்பிப் பார்க்கிறார்கள். அடியில் மெத்தென்ற திண்டுகள் இருந்தால் முதல் குடும்பம். இல்லாவிட்டால் குகை வேட்டா.

இப்படி நுணுக்கமாகப் பிரிப்பது வீண் வேலையல்ல. மனிதர்களோடு கப்பலில் வந்து இறங்கிய எலிகள், பறக்கத் தெரியாத வேட்டாக்களைத் தின்று தீர்த்தன. பெரிய தீவுகளில் ராட்சத வேட்டாக்கள் பல இடங்களில் அழிந்தே போயின. ஆனால் மஹோயெனுய் என்ற இடத்தில், முள் நிறைந்த கோர்ஸ் புதர்களுக்குள் ஒரு ராட்சத வேட்டா கூட்டம் பிழைத்திருப்பது தெரிந்தது. எலியால் அந்த முள்ளுக்குள் எளிதில் நுழைய முடியவில்லை. அந்த வேட்டா தனிச் சிற்றினம் என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது 1999-இல்தான். உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் அது என்று தெரிந்தால்தானே காப்பாற்றத் தோன்றும்?

வேட்டாவைப் பார்க்க நியூசிலாந்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் இரவில் நம் வீட்டு விளக்கைத் தேடி வரும் பச்சை நிற, நீண்ட மீசை வெட்டுக்கிளிக்கும் காது முன்காலில்தான். அடுத்த முறை வந்தால் அடித்துவிடாமல், குனிந்து அதன் முழங்காலுக்குக் கீழே பாருங்கள்.