ஒரே நாளில் லாஹௌல்: பயணிக்கு இன்பம், பள்ளத்தாக்குக்குச் சுமை

புது தில்லி: தில்லியிலிருந்து மாலையில் புறப்படும் பேருந்து, 500 கி.மீ.க்கும் அதிகமான தொலைவைக் கடந்து மறுநாள் காலை மணாலியைச் சென்றடைகிறது. கோடைக் காலத்தில் அங்கு வந்திறங்கும் இளைஞர்களில் பலர் முதலில் தேடுவது தங்கும் விடுதியை அல்ல. வாடகை மோட்டார் சைக்கிளை. கடைகளின் முன் வரிசையாக நிற்பவற்றில் பெரும்பாலானவை புல்லட் ரக வண்டிகள். 1955-ல் சென்னை திருவொற்றியூரில் ராணுவத்தின் தேவைக்காகத் தயாரிக்கத் தொடங்கப்பட்ட அந்த வண்டிதான் இன்று இமயமலைப் பயணத்தின் அடையாளமாகி இருக்கிறது.

ரோதங் கணவாயின் மீது ஏறி, லாஹௌல் பள்ளத்தாக்கில் இறங்கி, மாவட்டத் தலைநகரான கேலாங்கைத் தொட்டுவிட்டு, சுரங்கப் பாதை வழியாக இருட்டுவதற்குள் மணாலிக்குத் திரும்பி விடலாம். போக வர சுமார் 190 கி.மீ. நாட்டின் மிக அழகிய ஒரு நாள் சாலைப் பயணங்களில் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த ஒரு நாளுக்குப் பின்னால் ஒரு மலைவாழ் சமூகத்தின் நெடுநாளைய துயரமும், அண்மைக் காலக் கவலையும் இருக்கின்றன.

பிணக் குவியல் எனும் பெயர்: மணாலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. தேவதாரு மரங்களுக்கிடையே கோத்தி, குலாபா ஆகிய இடங்களைக் கடந்து மர்ஹியை அடையும்போது மரங்கள் மறைந்து, புல்வெளி மட்டுமே எஞ்சுகிறது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் 3,978 மீட்டர் உயரத்தில் ரோதங் கணவாய். மணாலியிலிருந்து இது 51 கி.மீ. பியாஸ் நதி இங்குதான் உற்பத்தியாகிறது.

ரோதங் என்ற சொல்லுக்குத் திபெத்திய மொழியில் "பிணக் குவியல்" என்று பொருள் கூறப்படுகிறது. பனிப்புயலில் சிக்கி மாண்டவர்கள் ஏராளம். ஆண்டில் ஏறத்தாழ 6 மாதங்கள் கணவாய் மூடிக் கிடக்கும். குளிர்காலத்தில் கேலாங்கில் ஒருவருக்கு நோய் முற்றினால், குலு மாவட்டத்தில் உள்ள புந்தருக்குச் செல்லும் ஹெலிகாப்டரில் இடம் கிடைக்க வேண்டும். வானிலையும் இடம்கொடுக்க வேண்டும். இரண்டும் வாய்க்காதவர்கள் பனியில் நடந்தே கணவாயைக் கடக்கத் துணிந்தனர். அவர்களுக்காகவே மர்ஹியிலும் கோக்சரிலும் மீட்பு முகாம்கள் அமைக்கப்பட்டு வந்தன.

10 ஆண்டு உழைப்பு: இந்த நிலையை மாற்றியது அடல் சுரங்கப் பாதை. பிரதமர் வாஜ்பாய் 2000-ம் ஆண்டில் அறிவித்த இத் திட்டத்துக்கு, 2010 ஜூனில் சோனியா காந்தி அடிக்கல் நாட்டினார். 2020 அக்டோபர் 3-ம் தேதி பிரதமர் மோடி திறந்து வைத்தார். 9.02 கி.மீ. நீளமுள்ள இப் பாதை, 10 ஆயிரம் அடி உயரத்துக்கு மேல் அமைந்துள்ளது. மணாலி- லே இடையிலான தொலைவு 46 கி.மீ. குறைந்தது.

பணி எளிதாக நடந்துவிடவில்லை. சேரி நாலா என்ற ஓடைக்குக் கீழே பாறை உளுத்து, நீர் பீறிட்டதால் 600 மீட்டருக்கும் குறைவான ஒரு பகுதியைக் குடைந்து முடிக்கவே சுமார் 4 ஆண்டுகள் பிடித்தன. அந்த இடத்தை இன்று மோட்டார் சைக்கிளில் செல்பவர் ஒரு நிமிடத்துக்குள் கடந்து விடுகிறார்.

குளிர்காலத்திலும் மருத்துவமனைக்குச் செல்ல வழி பிறந்ததையும், பட்டாணி, உருளைக்கிழங்கு, காலிஃபிளவர் ஆகியவை வாடாமல் சந்தைக்குச் செல்வதையும் லாஹௌல் மக்கள் மறுக்கவில்லை. ஆண்டுக்கு ஒரே ஒரு போகம் விளையும் மண்ணில் இது பெரிய வரப்பிரசாதம்.

மேலே வரம்பு, கீழே இல்லை: சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாகனப் புகையின் கரி, பனியின் மீது படிந்து உருகலை விரைவுபடுத்துகிறது என்பதால், ரோதங் கணவாய்க்குச் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரம்பு விதித்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 600 பெட்ரோல், 400 டீசல் வாகனங்களுக்கே அனுமதி. பின்னர் இது சற்று உயர்த்தப்பட்டது. ஆனால் சுரங்கப் பாதை வழியாகச் செல்ல இத்தகைய வரம்பு ஏதுமில்லை. கணவாயில் தடுக்கப்பட்ட கூட்டம் மலையைத் துளைத்துக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கியது.

2023 டிசம்பர் 24-ம் தேதி ஒரே நாளில் 28 ஆயிரத்துக்கும் அதிகமான வாகனங்கள் சுரங்கப் பாதையைக் கடந்தன. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லாஹௌல்- ஸ்பிதி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 31,564. போக்குவரத்து நெரிசலிலிருந்து தப்ப ஒருவர் தமது ஜீப்பை சந்திரா நதிக்குள்ளேயே இறக்கி ஓட்டிச் சென்றதும் அந்த நாள்களில்தான். காவல் துறை அவருக்கு அபராதம் விதித்தது.

வளரும் ஏரி: சுரங்கத்தின் வடக்கு வாயிலைத் தாண்டியதும் வருவது சிசு கிராமம். நதிக்கு அப்பால் அருவி, வில்லோ மரங்கள் சூழ்ந்த வயல்கள். பெரும்பாலான பயணிகள் வண்டியை நிறுத்திப் படமெடுப்பது இங்குதான். ஊரின் காவல் தெய்வமான ராஜா கேபாங்கின் பெயரைத் தாங்கிய சிகரம் மேலே நிற்கிறது. படங்களில் தெரியாத ஒன்றும் அங்கு உள்ளது. 4,068 மீட்டர் உயரத்தில் உள்ள கேபாங் காட் பனியாற்று ஏரி, 1989-ல் 36.49 ஹெக்டேராக இருந்து 2022-ல் 101.30 ஹெக்டேராகப் பரந்துவிட்டதாக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ 2024 ஏப்ரலில் தெரிவித்தது. அதன் கரை உடைந்தால் வெள்ளம் இறங்கும் வழியில்தான் சிசு உள்ளது.

இது வெறும் அச்சமல்ல. 2023 ஜூலையில் பெய்த பெருமழையில் குலு- மணாலி நெடுஞ்சாலையின் பல பகுதிகளைப் பியாஸ் அடித்துச் சென்றது. லாஹௌலின் மறுபுறம் சந்திரதால் ஏரியருகே சிக்கிய சுமார் 300 சுற்றுலாப் பயணிகள் பனிக்கு நடுவே மீட்கப்பட்டனர். 2025 ஆகஸ்டிலும் அதே நெடுஞ்சாலை மீண்டும் துண்டிக்கப்பட்டது. பயணிகள் வீடு திரும்பி விடுகின்றனர். விளைபொருளுடன் காத்து நிற்பவர் விவசாயி.

நாற்பது நாள் அமைதி: சிசு பகுதி மக்கள் தங்களுக்கென ஒரு வரம்பை வகுத்துக் கொண்டுள்ளனர். ஹால்டா, புனா திருவிழாக்கள் நடைபெறும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சுமார் 40 நாள்கள் அப் பகுதியில் சுற்றுலா நடவடிக்கைகளை நிறுத்தி வைப்பதை அண்மைய ஆண்டுகளில் ஊராட்சி நடைமுறைப்படுத்தி வருகிறது. தெய்வங்கள் ஊரில் இல்லாத அந்த நாள்களில் ஓசை கூடாது என்பது நம்பிக்கை. வருவாய் இழப்பு தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவு இது.

லாஹௌல்- ஸ்பிதி, அரசியல் சாசனத்தின் 5-வது அட்டவணையின் கீழ் வரும் பழங்குடிப் பகுதி. 1996-ம் ஆண்டின் பெசா சட்டம் இங்குள்ள கிராம சபைகளுக்குத் தனி உரிமைகளை வழங்கியிருக்கிறது. நீர்மின் திட்டங்களை எதிர்க்கும்போது மக்கள் சுட்டிக்காட்டுவதும் இந்தச் சட்டத்தைத்தான். நாளொன்றுக்கு எத்தனை வாகனங்களைப் பள்ளத்தாக்கு தாங்கும், குப்பையை எங்கு கொண்டு செல்வது, நதிக்கரையில் எங்கு கட்டடம் கூடாது என்பவற்றை முடிவு செய்யும்போதும் கிராம சபையைக் கேட்பதே முறையாகும்.

கேலாங்குக்குச் சற்று முன்னால், சந்திராவும் பாகாவும் கலந்து சந்திரபாகா என்னும் செனாப் நதியாக மாறும் தாண்டியில் ஒரு பெட்ரோல் நிலையம் உண்டு. "அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கி.மீ." என்று அங்கு வைக்கப்பட்ட அறிவிப்புப் பலகை, லே செல்லும் மோட்டார் சைக்கிள் பயணிகளிடையே நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. இருப்பதை அளந்து செலவிட வேண்டும் என்பதே அதன் பொருள். வண்டியின் எரிபொருளுக்குச் சொன்ன அந்த எச்சரிக்கை, அந்தப் பள்ளத்தாக்குக்கும் பொருந்தும்.